பாலத்தின் மேல் தடி ஊன்றக் கூடாது: ஷிகோக்கு நடைவழி, ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் ஷிகோக்கு தீவில் வெள்ளை அங்கியும் கூம்புத் தொப்பியுமாக நடந்து போகிறவர்களைப் பாலத்தருகே கவனித்தால் ஒன்று கண்ணில் படும். அதுவரை டக் டக்கென்று ஊன்றி வந்த கைத்தடியை, பாலத்தில் கால் வைத்ததும் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். மறுகரை வந்த பிறகுதான் மறுபடி ஊன்றுவார்கள். கேட்டால் சொல்லும் காரணம் இது: கீழே பெரியவர் படுத்திருப்பார், எழுப்பிவிடக் கூடாது.

பெரியவர் என்பது கூக்காய். 774-ல் இதே தீவில் பிறந்து 835-ல் மறைந்த பௌத்தத் துறவி. ஷிங்கோன் என்னும் மந்திர மார்க்கத்தை ஜப்பானில் நிறுவியவர். 921-ல் பேரரசர் தாய்கோ அவருக்குக் கோபோ தாய்ஷி என்ற பட்டத்தை வழங்கினார். ஊர்மக்கள் வாயில் அவர் வெறும் 'ஓதாய்ஷிசான்', நம் வீட்டுப் பெரியவர் என்பதுபோல. எஹிமே மாகாணத்தின் ஓஸு நகரில் தோயோகாஹாஷி என்றொரு பாலம் இருக்கிறது. ஊர் ஊராகப் போன கூக்காய்க்கு அங்கே ஒரு குளிர்நாளில் யாரும் இடம் தரவில்லை, பாலத்தடியில் படுத்தார், அந்த ஓர் இரவு பத்து இரவாக நீண்டது என்பது கதை. பாலத்தின் பெயருக்கே 'பத்து இரவுப் பாலம்' என்றுதான் பொருள். இன்று அது கான்கிரீட் பாலம். மேலே லாரிகள் ஓடுகின்றன. கீழே, ஓடைக்கரையில், படுத்த நிலையில் கூக்காயின் கற்சிலை. அதன் மேல் மெத்தைப் போர்வை போர்த்தியிருக்கிறார்கள். கல்லுக்குக் குளிருமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஒரு சமயத் தலைவரின் அடிச்சுவட்டைப் பின்பற்றும் நடைவழிகள் இன்று பல நாடுகளில் உருவாகி வருகின்றன. ஜெர்மனியில் லூத்தரின் பெயரில், இத்தாலியில் அசிசியின் பிரான்சிஸ் பெயரில், போலந்தில் போப் இரண்டாம் ஜான் பால் இளமையில் ஏறிய மலைகளில், கலிலேயாவில் இயேசுவின் பெயரில் இருக்கின்றன. வரைபடம் அச்சாகிறது, மரத்தில் அடையாளம் தீட்டப்படுகிறது, திறப்பு விழா நடக்கிறது. பத்து ஆண்டு கழித்து அந்த வழியில் ஆள் நடக்கிறாரா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேட ஷிகோக்குவை எடுத்துக்கொண்டேன். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அறுபடாமல் நடக்கப்பட்ட வழி அது. அது ஏன் அறுபடவில்லை என்பதே இங்கு ஆராயும் செய்தி.

வழியின் கிடப்பு

தீவைச் சுற்றி 88 கோயில்கள். சுற்றளவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடந்தால் 40 முதல் 60 நாள் பிடிக்கும். முதல் கோயில் ரியோஸென்ஜி, தொக்குஷிமா மாகாணத்தில். கடைசிக் கோயில் ஓகுபோஜி, ககாவா மாகாணத்தில். நான்கு மாகாணங்களுக்கும் பழைய பெயர்களோடு நான்கு படிநிலைகளைப் பொருத்தியிருக்கிறார்கள்: ஆவாவில் மனம் விழிப்பது, தோசாவில் தவம், இயோவில் ஞானம், சானுக்கியில் நிர்வாணம்.

இந்தப் பகுப்பில் தோசா, அதாவது இன்றைய கோச்சி, தவத்துக்கு ஒதுக்கப்பட்டது பொருத்தமே. அங்கே இருப்பவை 16 கோயில்கள்தான். நடக்க வேண்டியதோ கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். 23-ஆம் கோயிலிலிருந்து முரோதோ முனையில் இருக்கும் 24-ஆம் கோயிலுக்கு சுமார் 75 கிலோமீட்டர். இடையில் வரிசைக் கோயில் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல், ஒரு பக்கம் மலைச்சரிவு, நடுவே 55-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சாலை வருவதற்கு முன் அந்தக் கரையோரத்துப் பாறைக் குவியல்களுக்கு நடப்பவர்கள் வைத்த பெயர்கள் தாவுகல், குதிகல், கொரோகொரோ கல். கடைசிப் பெயர், அலை இழுக்கும்போது கூழாங்கற்கள் உருளும் ஓசையிலிருந்து வந்தது. பெயரைச் சொன்னாலே பாதை காதில் விழுகிறது.

இந்த வழிக்கு இதுதான் தொடக்கம், இதுதான் முடிவு என்ற கட்டாயம் கிடையாது. எந்தக் கோயிலிலும் தொடங்கலாம். ஒரே மூச்சில் முடிக்காமல், விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் வந்து விட்ட இடத்திலிருந்து நடக்கலாம். வேலையில் இருப்பவர்கள் பலர் அப்படித்தான் பத்து ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறார்கள்.

அவர் உண்மையில் எங்கே நடந்தார்?

இந்த ஆய்வின் முள் இங்கேதான் இருக்கிறது. 88 கோயில்களையும் கூக்காய் தம் 42-ஆம் வயதில் நிறுவினார் என்பது மரபு. சான்று என்று பார்த்தால், தீவில் தம் இளமைத் தவம் பற்றி அவரே எழுதிய வரிகள் மிகச் சில. 797-ல், இருபத்து நான்கு வயது வாக்கில், அவர் எழுதிய ஸாங்கோ ஷீகி என்ற நூலின் முன்னுரையில் ஆவா நாட்டுத் தாய்ரியூ மலையில் ஏறியதையும், தோசாவின் முரோதோ முனையில் தியானம் செய்ததையும் சொல்கிறார். பள்ளத்தாக்கு எதிரொலித்தது, விடிவெள்ளி வந்தது என்கிறார். ஆகாசகர்ப்பர் என்னும் போதிசத்துவரின் மந்திரத்தைப் பத்து லட்சம் முறை ஓதும் தவம் அது. தாய்ரியூ மலை இன்று 21-ஆம் கோயில். முரோதோவில் கடலைப் பார்த்த ஒரு குகை உண்டு. உள்ளே உட்கார்ந்தால் வானமும் கடலும் மட்டும் தெரியும், அதனால்தான் 'வான்–கடல்' என்று பொருள்படும் கூக்காய் என்ற பெயரை அவர் சூடினார் என்பார்கள்.

இவை தவிர, பிறந்த இடமான ஸென்ட்சூஜி இன்று 75-ஆம் கோயில். 821-ல் அவர் மன்னோ ஏரியின் கரையைச் சீரமைத்துக் கொடுத்தது வரலாறு. அந்த ஏரி இன்றும் வயலுக்குத் தண்ணீர் தருகிறது, ஆனால் 88-ல் அதற்கு இடமில்லை. எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லாத ஒரு சுவடு பட்டியலுக்கு வெளியே கிடக்கிறது. உள்ளே இருக்கும் பல சுவடுகள் நம்பிக்கையில் நிற்கின்றன.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 804-ல் சீனா சென்ற கூக்காய், சாங்கான் நகரில் ஹுய்குவோ என்ற ஆசானிடம் தீட்சை பெற்றார். ஹுய்குவோவின் ஆசான் அமோகவஜ்ரர். அவருடைய ஆசான் வஜ்ரபோதி, 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகச் சீனா போனவர். ஷிகோக்குக் கோயில் வாசலில் ஓதப்படும் மந்திரத்தின் வேர் நாம் நினைப்பதைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பழைய கதைத் தொகுப்புகளில், 12-ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே, ஷிகோக்குவின் கடலோர விளிம்பைச் சுற்றி நடந்த துறவிகள் பேசப்படுகிறார்கள். விளிம்பு என்பதற்கான சொல் 'ஹெச்சி'. இன்று யாத்திரையையும் யாத்திரிகரையும் குறிக்கும் 'ஹென்ரோ' அதிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. ஆக, தவசிகள் கடலோரம் நடந்தார்கள். இளைய கூக்காயும் அவர்களில் ஒருவராக நடந்தார். பிறகு வந்தவர்கள் அந்த வழி முழுவதையுமே அவர் பெயரில் நடந்தார்கள். இது வரலாற்றுக்குக் குறை என்று நான் எண்ணவில்லை. நடந்தவர்களின் கால்கள்தான் மரபை எழுதின. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இங்கே உவமை இல்லை, நேர்ச்செய்தி.

கல் நட்டவர்கள்

தாய்ரியூ மலைக்கு ஏறும் பழைய காமோ வழியில் இன்றும் கல்தூண்கள் நிற்கின்றன. ஒரு சோ தொலைவுக்கு, அதாவது ஏறக்குறைய 109 மீட்டருக்கு ஒன்று. அவற்றில் சில 1360-களைச் சேர்ந்தவை. கோயிலுக்கு இன்னும் எத்தனை சோ என்று கல் சொல்லும். மூச்சிரைக்க ஏறுகிறவனுக்கு அந்த எண் குறைவதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அதைப் புரிந்துகொண்ட யாரோ செய்த வேலை அது.

88 என்ற எண்ணிக்கையும் இன்றைய வரிசை எண்களும் சாதாரண மக்கள் கைக்கு வந்தது ஷின்னென் என்ற துறவியால். ஒசாகாவைச் சார்ந்து இயங்கிய இவர் இருபது தடவைக்கு மேல் தீவைச் சுற்றினார். 1687-ல் கையடக்கமான வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டார். எந்த ஆற்றை எங்கே கடப்பது, எங்கே தங்க இடம் கிடைக்கும், எத்தனை தொலைவு என்ற வகையில் எழுதப்பட்ட நூல். பிரிவழிகளில் 200-க்கும் மேற்பட்ட வழிகாட்டிக் கற்களை நிறுத்தினார். ஆஷிஸூரி முனைக்குப் போகும் வழியில், இச்சினோஸெ என்ற இடத்தில் ஒரு தங்குகுடிலும் கட்டினார். ஆஷிஸூரி முனைக்கு அங்கிருந்து 7 ரி, சுமார் 28 கிலோமீட்டர். முனைக்குப் போனவர் வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதால் மூட்டையைக் குடிலில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போய் வரலாம். நடந்து களைத்தவன் மட்டுமே யோசிக்கக்கூடிய ஏற்பாடு. திட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து வழி வகுப்பவர்களுக்கு இந்த ஒரு குடிலைக் காட்டினால் போதும் என்று தோன்றுகிறது.

இரண்டு நூற்றாண்டு கழித்து நகட்சுகாசா மோஹே வந்தார். 1845-ல் பிறந்தவர், இருபத்தொன்று இருபத்திரண்டு வயதில் வீட்டை விட்டு வந்து நடக்கத் தொடங்கினார். 1922-ல் இறக்கும்வரை நடந்தது 280 சுற்று. ஒரு சுற்று 1,200 கிலோமீட்டர் என்று வைத்தால் 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. வீடு திரும்பவே இல்லை. 200-க்கும் அதிகமான கற்களை நட்டிருக்கிறார். எத்தனையாவது சுற்றில் நட்டது, யார் செலவு செய்தார் என்று கல்லிலேயே பொறித்திருக்கிறது. ஒரு கை சுட்டுவிரல் நீட்டி வழி காட்டுவதுபோலச் செதுக்கிய கற்களும் அவற்றில் உண்டு.

மூன்றாவது பெயர் நம் காலத்தது. மட்சுயாமா நகரைச் சேர்ந்த மியாஸாகி தாதெகி, காரும் பேருந்தும் வந்து பழைய மண்வழிகள் புதர் மூடிப் போவதைக் கண்டு, வழியைக் காக்க ஒரு சங்கத்தைத் தொடங்கினார். மறைந்த தடங்களைத் தேடிக் கண்டுபிடித்தார், புதர் வெட்டினார், மரக்கிளையில் சிறு பலகைகளைத் தொங்கவிட்டார். 1990-ல் அவர் கொண்டுவந்த நடைவரைபடமே நடப்பவர்கள் கையில் இன்றுவரை இருக்கும் வரைபடங்களுக்கு முன்னோடி.

ஷின்னென், மோஹே, மியாஸாகி மூவரையும் எந்த அரசும் இந்த வேலைக்கு வைக்கவில்லை. மூவருமே முதலில் நடந்தார்கள், பிறகு பின்னால் வருகிறவனுக்காகக் கல்லோ பலகையோ நட்டார்கள்.

ஒரு நாள் ஏற்றம்

11-ஆம் கோயில் ஃபுஜீதேராவிலிருந்து 12-ஆம் கோயில் ஷோஸான்ஜிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். சமதளத்தில் மூன்று மணி நேர நடை. இங்கே திடமானவருக்கு ஐந்து மணி, மற்றவர்களுக்கு எட்டு மணி. முதல் பத்துக் கோயில்களும் ஊரை ஒட்டியே இருப்பதால் புதிதாக வந்தவர் 'இவ்வளவுதானா' என்று நினைத்திருப்பார். ஃபுஜீதேராவின் மூலக்கோயில் பக்கத்திலேயே படி தொடங்கிக் காட்டுக்குள் நுழைகிறது. நுழைந்த நிமிடமே ஏற்றம்.

இந்த மாதிரி ஏற்றங்களுக்கு 'ஹென்ரோ கொரோகாஷி' என்று பெயர், யாத்திரிகரை உருட்டிவிடும் இடம். இந்த வழியில் அப்படி ஆறு இடம் இருப்பதால் ஆறில் ஒன்று, ஆறில் இரண்டு என்று பலகை வைத்திருக்கிறார்கள். தேவதாரு மரங்களின் வேர் பாதையின் குறுக்கே படிபோல ஓடும். மழை பெய்த மறுநாள் அந்த வேர்கள் சவுக்காரம் பூசியதுபோல வழுக்கும். பாதி வழியில் ரியூசுய்-ஆன் என்ற குடிலருகே நீரூற்று. கூக்காய் வில்லோ மரக்குச்சியால் குத்தியதும் நீர் வந்தது என்பது கதை. பிறகு மறுபடி ஏறி, தலையைத் தொங்கப் போட்டபடி ஒரு கற்படிக்கட்டைக் கடந்து நிமிர்ந்தால், பெருமரம் ஒன்றின் முன்னே ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய கூக்காய் சிலை நிற்கும். கையில் தடி, தலையில் தொப்பி, அவரும் நடைக்கோலத்தில். இடத்தின் உயரம் ஏறத்தாழ 745 மீட்டர்.

வந்துவிட்டோம் என்று தோன்றும். இல்லை. வழி அங்கிருந்து சௌச்சி என்ற மலைச் சிற்றூர்வரை 300 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஓடையைக் கடந்து, அந்த 300 மீட்டரையும் மறுபடி ஏற வேண்டும். கோயில் கிட்டத்தட்ட அதே 700 மீட்டர் உயரத்தில் எதிர்மலையில் இருக்கிறது. நடப்பவர்கள் உடைந்து போவது ஏற்றத்தில் இல்லை, இந்த இறக்கத்தில்தான். ஏறியதை எல்லாம் கண்ணெதிரே இழக்கிற இறக்கம். தடி எதற்கு என்பது அங்கேதான் புரியும். அடுத்த கால் வைக்க அதன் மேல் உடம்பையே சாய்க்க வேண்டியிருக்கும்.

அந்தத் தடிதான் கூக்காய் என்பது ஹென்ரோவின் அடிப்படை நம்பிக்கை. தொப்பியிலும் அங்கியின் முதுகிலும் 'தோக்யோ நினின்' என்று எழுதியிருக்கும். இருவராகச் சேர்ந்து செல்கிறோம் என்று பொருள். தனியாக நடப்பவர் யாரும் இல்லை. விடுதிக்கு வந்ததும் முதலில் தடியின் நுனியைக் கழுவித் துடைத்துவிட்டு, பிறகே தன் காலைக் கழுவ வேண்டும். அறையில் அதற்குத்தான் மேலான இடம்.

ஷோஸான்ஜியிலிருந்து இறங்கும் வழியில் ஜோஷின்-ஆன் என்ற சிறு கோயிலில் இரண்டு உருவங்கள்: நிற்கும் கூக்காய், முன்னே மண்டியிட்ட ஒருவர். மண்டியிட்டவர் எமோன் ஸபுரோ, இயோ நாட்டுச் செல்வந்தர். வாசலில் பிச்சைக்கு வந்த துறவியை விரட்டிக்கொண்டே இருந்தார். கடைசி நாளில் துடைப்பத்தை ஓங்கி அடிக்க, பிச்சைப் பாத்திரம் எட்டுத் துண்டாக உடைந்தது. அதன்பின் அவருடைய எட்டுப் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். வந்தவர் யார் என்று உணர்ந்த ஸபுரோ, மன்னிப்புக் கேட்கத் துரத்திக்கொண்டு இருபது முறை தீவைச் சுற்றினார். பிடிக்க முடியவில்லை. இருபத்தொன்றாம் முறை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். இந்த மலையடிவாரத்தில் விழுந்து சாகக் கிடந்தபோது கூக்காய் எதிரே வந்து நின்றார். இன்றும் எதிர்ச்சுற்று நடக்கும் வழக்கம் உண்டு, குறிப்பாக லீப் ஆண்டுகளில். 51-ஆம் கோயிலின் பெயரான இஷிதேஜி, 'கல்–கை' கோயில், இதே கதையின் தொடர்ச்சி: மறுபிறவியில் ஸபுரோ பிரபு குடும்பத்தில் ஒரு குழந்தையாக, மூடிய கைக்குள் தன் பெயர் எழுதிய கல்லோடு பிறந்தார்.

கதையை நான் இங்கே நீட்டியதற்குக் காரணம் உண்டு. தீவின் முதல் ஹென்ரோவாகச் சொல்லப்படுகிறவர் புனிதர் இல்லை. வாசலுக்கு வந்த அந்நியனை அடித்தவர். வழி முழுவதற்கும் அடிக்கல்லாக இருப்பது, விரட்டப்பட்டவர் யாராகவும் இருக்கலாம் என்ற அச்சம். அடுத்து வரும் வழக்கம் இந்த அச்சத்திலிருந்தும் அன்பிலிருந்தும் சேர்ந்தே முளைத்தது.

ஒசெத்தாய்

நடந்து போகிறவரை ஒரு மூதாட்டி நிறுத்தி இரண்டு மாண்டரின் ஆரஞ்சைக் கையில் வைப்பார். சாலையோரக் கடைக்காரர் தேநீரை நீட்டுவார். சில வேளை நூறு யென் நாணயம். இதற்கு ஒசெத்தாய் என்று பெயர். வாங்குபவர் மறுக்கக் கூடாது என்பது மரபு. மறுத்தால் கொடுப்பவரின் புண்ணியத்தைத் தடுத்ததாகும். வாங்கியவர் தன் பெயரெழுதிய காகிதச் சீட்டான ஒசாமெஃபுதாவைப் பதிலுக்குக் கொடுப்பார். கொடுத்தவர் கை கூப்புவார். யாரை? அந்த நடைக்காரரையும், அவர் கையிலிருக்கும் தடியையும்.

சீட்டின் நிறம் சுற்றின் எண்ணிக்கையைச் சொல்லும்: 1 முதல் 4 சுற்றுவரை வெள்ளை, 5 முதல் பச்சை, 8 முதல் சிவப்பு, 25 முதல் வெள்ளி, 50 முதல் பொன், 100 தாண்டினால் நெய்த சரிகை. நூறு சுற்று நடந்தவரின் சரிகைச் சீட்டு கிடைத்தால் வீட்டில் காப்பாக வைத்துக்கொள்வார்கள்.

என் முடிவைத் தாங்கும் சான்று இந்த வழக்கம்தான். வழியோரத்தில் வாழ்பவர்களுக்கு இந்த யாத்திரையில் பங்கு இருக்கிறது. அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களும் இல்லை, வியாபாரிகள் மட்டும் இல்லை. நடக்க முடியாதவர் நடப்பவர் கையில் தன் ஆரஞ்சை அனுப்பிவைக்கிறார். கூக்காய் முன்னே போய்விட்டார், நாம் பின்னே போகிறோம் என்று அவர்கள் நினைப்பதில்லை. இதோ இவரோடு சேர்ந்து வந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறார்கள். 88 கோயிலில் எது சான்றுள்ளது, எது கதை என்று ஆராய்ச்சியாளர்கள் என்ன எழுதினாலும் வழி ஆடாமல் நிற்பது இதனால்தான்.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. வெள்ளை அங்கி பிணத்துக்கு உடுத்தும் உடை. வழியில் இறந்தால் தடியையே கல்லறைக் குறியாக நடுவார்கள். எடோ காலத்து (17–19-ஆம் நூற்றாண்டு) பயண அனுமதிச் சீட்டுகளில், இவர் வழியில் இறந்தால் அவ்வூர் வழக்கப்படி புதைத்துவிடுங்கள், ஊருக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தொழுநோய் வந்து ஊரால் விரட்டப்பட்டவர்கள், வீடற்றவர்கள், திரும்பும் எண்ணமே இல்லாதவர்கள் இங்கே சாகும்வரை சுற்றினார்கள். தோசா ஆட்சியாளர்கள் யாத்திரிகர்களைக் குறிப்பிட்ட சாவடி வழியாக மட்டும் அனுமதித்து, குறிப்பிட்ட நாட்களுக்குள் நாட்டைக் கடக்கச் சொன்னார்கள். பெயர் அழிந்த சிறு கல்லறைகள் பாதையோரம் இன்றும் இருக்கின்றன. 2014-ல் ஓய்வுக் குடில்களில் கொரியர்களுக்கு எதிரான வெறுப்பு ஒட்டுத்தாள்களும் காணப்பட்டன. ஸபுரோவின் துடைப்பம் முழுக்க ஒழிந்துவிடவில்லை.

அறுபடவிருந்த இடங்கள்

1868-க்குப் பின் மெய்ஜி அரசு, நாட்டின் பழஞ்சமயமான ஷின்தோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது கோயில்கள் பல மூடப்பட்டன. 30-ஆம் கோயிலான ஸென்ராக்குஜி ஒழிக்கப்பட்டு, அதன் மூலவர் சிலை கைமாறி, 1876-ல் அன்ராக்குஜி என்ற வேறொரு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. எண்ணும் கூடவே போனது. பிறகு 1930 வாக்கில் ஸென்ராக்குஜி பழைய இடத்தில் மீண்டும் எழ, இரண்டு கோயில்களுமே தாமே 30 என்றன. நடப்பவர்கள் என்ன செய்தார்கள்? பலர் இரண்டுக்கும் போனார்கள். 1994 ஜனவரி 1 முதல் ஸென்ராக்குஜியே 30 என்று முடிவானது. அன்ராக்குஜி அதன் உட்கோயிலாக ஏற்கப்பட்டது. பெரிய சண்டையாக வெடித்திருக்கக்கூடியதை நடப்பவர்கள் கூடுதலாகச் சில மணி நேரம் நடந்து ஆறவைத்தார்கள்.

அடுத்த சோதனை சக்கரம். 1953-ல் மட்சுயாமாவின் இயோதெட்சு நிறுவனம் முதல் யாத்திரைப் பேருந்தை ஓட்டியது. ஐம்பது நாள் நடை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அடங்கியது. 66-ஆம் கோயில் உன்பென்ஜிக்கு, 88-ல் மிக உயரமான அதற்கு, 1987-லும் தாய்ரியூஜிக்கு 1992-லும் கம்பிவட ஊர்தி வந்தது. இன்று யாத்திரிகரில் மிகப் பெரும்பாலோர் காரிலும் பேருந்திலும்தான் போகிறார்கள். பேருந்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எழுபது வயது முழங்கால்களுக்கும் அந்தப் பெரியவர் வேண்டும். ஆனால் பாதையின் பெரும்பகுதி தாராகிவிட்டதால் நடப்பவருக்கு இன்றைய ஆபத்து மலையிலில்லை, நெடுஞ்சாலைச் சுரங்கத்தில்தான். நடைமேடை ஒடுங்கிய, லாரி இரைச்சல் முழங்கும் சுரங்கங்களில் ஒளி மின்னும் பட்டையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒட்டி நடக்கிறார்கள். வந்து போனதற்கு அடையாளமாகக் கோயில் முத்திரை பதித்துத் தரும் அலுவலகம் மாலை 5 மணிக்கு மூடும் என்பதால் கடைசி இரண்டு கிலோமீட்டரை ஓட வேண்டியும் வரும். ஒரு முத்திரைக்கு 500 யென். 2024 ஏப்ரலுக்கு முன் 300.

2015-ல் ஜப்பான் மரபுச் சின்னமாக இவ்வழி அறிவிக்கப்பட்டது. உலக மரபுப் பட்டியலில் சேர்க்க நான்கு மாகாணங்களும் முயல்கின்றன. பட்டியலைவிட என்னைக் கவலைப்பட வைப்பது கிராமங்கள். ஆரஞ்சு கொடுத்த மூதாட்டி போனபின் அந்த வீட்டில் ஆளில்லை. சிறு விடுதி நடத்திய தம்பதி ஓய்வு பெற்றால், அடுத்த படுக்கை முப்பது கிலோமீட்டர் தள்ளி. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப, 2001-ல் ஒரு கட்டடக் கலைஞர் 89 ஓய்வுக் குடில்கள் கட்டும் இலக்கோடு தொடங்கிய முயற்சியில் ஐம்பதுக்கும் மேல் எழுந்துவிட்டன. நிலமும் மரமும் உழைப்பும் அந்தந்த ஊராரின் கொடை. இதுவும் ஒசெத்தாய்தான், கூரை வடிவில்.

கலிலேயாவில் இரண்டு வழிகள்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புதிய வழி வேண்டும். நாசரேத்திலிருந்து கப்பர்நகூம்வரை சுமார் 65 கிலோமீட்டர் நீளும் 'இயேசு வழி' 2007-ல் தனியார் இருவரின் முயற்சியில் உருவானது. அது கானா போன்ற ஊர்களுக்குள் நுழைந்து, கிபுட்ஸ் என்னும் கூட்டுக் குடியிருப்பைத் தொட்டு, ஹத்தின் கொம்புகள் என்ற குன்றையும் அர்பேல் மலைமுகட்டையும் கடந்து கலிலேயா ஏரிக்கு இறங்குகிறது. 2011-ல் இஸ்ரேலின் சுற்றுலா அமைச்சகம் 'நற்செய்தி வழி' என்று இன்னொன்றைத் திறந்தது. அதே ஏரிக்குத்தான் போகிறது, ஆனால் பெரும்பாலும் ஊர்களை விலக்கித் திறந்த வெளியில். இரண்டுமே அழகான நிலத்தில் போகின்றன. இரண்டிலுமே இயேசு இந்தக் கல்லில்தான் கால் வைத்தார் என்று யாரும் காட்ட முடியாது. ஊருக்குள் போகும் வழியில் கதவைத் திறந்து காபி கொடுக்க ஆள் உண்டு, படுக்க வீடு உண்டு. விலகிப் போகும் வழியில் நிலக்காட்சி உண்டு. ஷிகோக்குவைப் பார்த்த கண்ணுக்கு எது நூறு ஆண்டு நிற்கும் என்பதில் ஐயம் வரவில்லை. வழி வகுப்பவர்கள் ஊரைச் சுற்றிப் போகும் ஒவ்வொரு கிலோமீட்டரையும் இழப்பாகவே கணக்கில் எழுத வேண்டும் என்று சொல்வேன்.

ஓகுபோஜி

88-ஆம் கோயில் மலை இடுக்கில் இருக்கிறது. அங்கே வரும்போது தடி புறப்பட்ட அளவில் இருக்காது. 1,200 கிலோமீட்டர் தாரிலும் கல்லிலும் தேய்ந்து சில சென்டிமீட்டர் குறைந்திருக்கும். நுனி பூத்து, நார் நாராகப் பிரிந்து, பழைய தூரிகைபோல இருக்கும். அந்த நாரைக் கத்தியால் சீவக் கூடாது என்பது விதி. கல்லில் மெல்லத் தேய்த்துச் சரிசெய்யலாம். அவர் உடம்பல்லவா.

சிலர் தடியை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். வட்டத்தை மூட முதல் கோயிலுக்கே நடந்து திரும்புகிறவர்கள் உண்டு. கூக்காய் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பப்படும் கோயாசான் மலைக்குப் போய், நாளைக்கு இரண்டு வேளை அவருக்கு உணவு கொண்டு செல்லப்படும் சன்னதியில், முடித்துவிட்டேன் என்று சொல்லி வருகிறவர்களும் உண்டு. மற்றவர்கள் ஓகுபோஜியில் இதற்கென்றே உள்ள மண்டபத்தில் தடியை விட்டுப் போகிறார்கள். அங்கே தேய்ந்த தடிகள் நெருக்கமாக அடுக்கி நிற்கின்றன, ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை. ஆண்டுதோறும் வேள்வித் தீயில் அவற்றை இடுவார்கள். அதற்குள் ரியோஸென்ஜி வாசலில் யாரோ ஒருவர் புதுத் தடி வாங்கியிருப்பார்.